தொண்ணூறில் நின்ற முள்

ஜெனிட்டா பதினோரு மணிக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தாள், மணி இப்போது பத்தேகால், அதற்குள் தொண்ணூறை முப்பதாக்கிவிடலாம், பெரிய வேலையில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கஸ்பார் வீட்டின் பின்பக்கம் துணி துவைக்கும் கல்லில் சிலிண்டரைச் சாய்த்து வைத்தான். நாலு வருஷம் கட்டிலுக்கடியில் சாக்கு போர்த்திக் கிடந்த, கடலில் முங்குகிறவர்களின் காற்றுச் சிலிண்டர். மஞ்சள் பெயின்ட் அங்கங்கே உரிந்திருந்தது, ஆனால் கழுத்தருகே, அவனோடு முங்கிய ரெமிஜியுஸ் தன் கையால் சிவப்பில் எழுதிய ‘ரெமி’ மட்டும் அப்படியே இருந்தது, எழுத்துகூட ஆளைப் போலவே கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்து, யாரையோ இடித்துக்கொண்டு போகிற தோரணையில். கஸ்பார் ரெகுலேட்டரை மாட்டித் திருகினான், காற்றளவு காட்டும் மீட்டரை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினான், வால்வைத் திறந்தான். இத்தனை வருஷத்தில் தானாகக் கசிந்து போயிருக்கலாம், போயிருந்தால் எவ்வளவு நல்லது, எத்தனை சிலிண்டர் சும்மா கிடந்தே காலியாகிறது, ரப்பர் வளையம் காய்ந்து வெடிப்பதில்லையா. கண்ணைத் திறந்தபோது முள் தொண்ணூறில் நின்றது. ஒரு மயிரிழை இறங்கவில்லை. ரெமியின் சாமான் எதுவும் சோடை போனதில்லை, கத்தி, கண்ணாடி, சைக்கிள் எல்லாம் அப்படித்தான், சிலிண்டர் மட்டும் எப்படிச் சோடை போகும்.

வாயில் கடிக்கும் ரப்பரை ஈரத் துண்டில் சுற்றிக்கொண்டு நடுப் பொத்தானை மெல்ல அழுத்தினான். காற்று சீறிற்று. முழுக்க அழுத்தினால் ரெண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும், ஆனால் அந்தச் சத்தத்துக்குத் தெரு முழுக்க எட்டிப் பார்க்கும், பக்கத்து வீட்டு வாத்தியார் ஒருவர் போதும், என்ன கஸ்பார், காஸ் லீக்கா என்று சுவர்மேல் ஏறிவிடுவார். மெல்லவே போகட்டும். முள் எண்பத்தெட்டு. நேற்றுச் சாயங்காலம் போனில் ரெமியின் பெண் ஜெனிட்டா எவ்வளவு சந்தோஷமாகப் பேசினாள். பவளப்பாறை கணக்கெடுக்கிற குழுவில் அவளைச் சேர்த்துக்கொண்டார்களாம், முங்கப் பழகி ஆறு மாசமாகிறதாம், அம்மா முதலில் அழுது அடம்பிடித்துவிட்டு இப்போது பேசாமல் இருக்கிறாளாம். “மாமா, அப்பா சிலிண்டர் ஒங்ககிட்டதான இருக்கு, டெஸ்ட்டுக்குக் குடுத்துட்டு நானே வச்சிக்கிடுதேன்.” இவன் சரி என்றான், வேறென்ன சொல்வது. அதோடு வைத்திருக்கலாம். அவள் வைக்கவில்லை. “மாமா, ஒண்ணு சொல்லணும். முள்ளு அம்பதுக்குக் கீழ போயிட்டா வேற யாருக்கும் கை குடுக்கப் போகக் கூடாது, போனா ரெண்டு பேரும் போயிருவிய, மேல வந்து ஆளக் கூப்பிடணும்னு எங்க சார் சொல்லிக்குடுத்தாரு. ஒங்களுக்கு முப்பதுதான இருந்துச்சு. நீங்க செஞ்சது சரிதான் மாமா. நான் அப்ப சின்னப் பிள்ள, ஒங்க மேல கோவமா இருந்தேன்.” அந்தக் கோபத்தை அவள் வைத்துக்கொண்டே இருந்திருக்கலாம். கோபமாக இருந்த நாலு வருஷமும் அவள் முகத்தைப் பார்க்க முடிந்தது, கோயிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது முறைப்பாள், முறைக்கட்டும் என்று இவனுக்கு ஒரு ஆறுதல்கூட இருந்தது. இப்போது மன்னித்துவிட்டாள். அதுவும் யாரை, முப்பதுக்காரனை, அப்படி ஒருத்தன் எந்தக் கடலிலும் முங்கியதேயில்லை.

முப்பது எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது. கரையில் கூட்டம், போலீஸ்காரர் ஒருவர் நோட்டை முழங்காலில் வைத்துக்கொண்டு கேட்டார், உங்க சிலிண்டர்ல எவ்வளவு இருந்தது. வாய் தானாக முப்பது என்றது. பத்து என்றால் நீ எப்படி மேலே வந்தாய் என்பார்கள், நாற்பது என்றால் கொஞ்சம் முயன்றிருக்கலாமே என்பார்கள், முப்பது மரியாதையான எண், அதை எதிர்த்து யாரும் கேட்க மாட்டார்கள். இதெல்லாம் பிறகு யோசித்தது. அப்போது யோசிக்கவே இல்லை, அதுதான் கேவலம், அவ்வளவு லேசாக வந்தது. அவர் எழுதிக்கொண்டார். ரெமி முதுகிலிருந்த சிலிண்டரைச் சோதித்தார்கள், பூஜ்யம், அதை எடுத்துக்கொண்டு போனார்கள். உயிரோடு வந்தவன் சிலிண்டரை யார் பார்ப்பார்கள். முள் எண்பத்திரண்டு. பொத்தான் விரலடியில் சில்லென்று குளிர ஆரம்பித்தது, காற்று வேகமாக வெளியேறும்போது உலோகம் குளிரும், ரெமி அதை வைத்து மோர்ச் செம்பைக் குளிர வைக்கலாம் என்பான், வைத்தும் பார்த்தான், செம்பு கவிழ்ந்ததுதான் மிச்சம்.

அவன் எதையும் விளையாட்டாக்கிவிடுவான், அதுதான் வினையாகப் போயிற்று. சங்கு எடுக்க ரெண்டு பேரும் பதினோரு வருஷம் சேர்ந்து முங்கினார்கள், பத்து பாகம், அறுபதடி ஆழம், மணலில் பாதி புதைந்து கிடக்கும் சங்கைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு மேலே வர வேண்டும், அவ்வளவுதான் தொழில். ஆனால் மேலே வந்ததும் வள்ளத்தில் உட்கார்ந்து ரெண்டு பேர் மீட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள், யார் முள் அதிகத்தில் நிற்கிறதோ அவன் ஜெயித்தான். தோற்றவன் ரெண்டு சிலிண்டரையும் கரையிலிருந்து ஆட்டோ வரைக்கும் சுமக்க வேண்டும். நாற்பத்தைந்து வயசுத் தடியன்கள் ரெண்டு பேருக்கு இது ஒரு பந்தயம். அதற்காக ரெமி மூச்சை அடக்கி அடக்கி விடுவான், ஒரு மூச்சு இழுத்துவிட்டுப் பத்து எண்ணி அப்புறம் விடுவான், மேலே வந்தால் தலைவலி மண்டையைப் பிளக்கும், ஆனாலும் சிரிப்பான். நீ பெருமூச்சுக்காரன்டே கஸ்பாரு, ஒனக்கு ரெண்டு சிலிண்டர் குடுத்தாலும் காணாது என்பான். உள்ளே இருக்கும்போது மீட்டரை ஒருவருக்கொருவர் காட்டுவதில்லை, சீட்டாடுகிறவன் சீட்டை மறைப்பது போல மார்ப்பட்டிக்குள் செருகி வைத்துக்கொள்வார்கள். எந்த ஊரிலாவது இப்படி ஒரு மடத்தனம் உண்டா, கூட முங்குகிறவனிடம் எவ்வளவு காற்று இருக்கிறது என்று தெரிந்துகொள்வதுதானே முதல் பாடம். ரெமி அதற்கு மேலே ஒன்று செய்வான். திடீரென்று கண்ணை உருட்டி, கையைக் கழுத்தின் குறுக்கே அறுப்பது போல இழுப்பான், காற்றுத் தீர்ந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். கஸ்பார் பதறிப்போய்த் தன் மீட்டரை வெளியே எடுப்பான், அவன் எட்டிப் பார்த்துவிடுவான், தண்ணீருக்குள் குமிழி குமிழியாகச் சிரிப்பான். வாரத்துக்கு ஒரு தடவையாவது. ரெமி செத்த அன்றைக்கும் காலையில் சிலிண்டரை மாற்றிக் கொடுத்தான். கம்ப்ரசரில் ரெமியே நின்று நிரப்பினான், அவன் சிலிண்டர் இருநூறு ஏறியது, கஸ்பாருடையது நூற்றெழுபதோடு கரண்டு போய்விட்டது. “இந்தா, என்னுதை நீ எடு, ஒன்னுதை நான் எடுக்கேன். அப்பவும் நீதான் சுமப்ப, பாரு.” தொம்மை வள்ளத்தை ஓட்டிக்கொண்டே இதைக் கேட்டுச் சிரித்தான். கஸ்பாரும் சிரித்தான். அந்த அதிகப்படி முப்பது ரெமி கொடுத்தது, இப்போது ஈரத் துண்டு வழியாகப் போய்க்கொண்டிருப்பது அதுதான். முள் எழுபத்தாறு.

அதை நினைக்க வேண்டாம். துவைக்கிற கல்லைப் பார், சோப்பு ஒட்டியிருக்கிறது, ஆக்னஸ் காலையில் அவசரமாகப் போயிருக்கிறாள், கழுவவில்லை. ஆக்னஸுக்கும் முப்பதுதான் தெரியும், கட்டிய மனைவிக்கே. நினைக்க வேண்டாம் என்றால் அதுதான் வருகிறது, எல்லாருக்கும் சொன்ன விதமாகவே முதலில் வருகிறது: பாறை இடுக்கில் அறுந்த வலை ஒன்று கிடந்தது, ரெமி அதில் மாட்டிக்கொண்டான், நான் போய்ப் பார்த்தேன், எனக்குக் காற்று இல்லை, மேலே வந்து தொம்மையிடம் சொன்னேன், பக்கத்து வள்ளத்து ஆட்கள் முங்குவதற்குள் முடிந்துவிட்டது. நாலு வருஷமாகச் சொல்லிச் சொல்லி அது ஜெபம் மாதிரி ஆகிவிட்டது, நிறுத்தாமல் சொல்லலாம். ஆனால் நான் போய்ப் பார்த்தேன் என்ற இடத்தில் நின்றுவிடும், கேட்கிறவர்கள் அதை அழுகை என்று நினைத்துத் தண்ணீர் கொடுப்பார்கள். போய்ப் பார்த்தது எப்படி. கலங்கல் தண்ணீர், நாலு கை தூரத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியாது, அதில் ரெமி கழுத்தின் குறுக்கே கையை இழுத்தான். கஸ்பார் சிரித்தான். அதுதான் முதலில் செய்தது. அவனும் பதிலுக்குத் தன் கழுத்தின் குறுக்கே கையை இழுத்தான், போடா, இன்றைக்கு ஏமாற மாட்டேன் என்று, மீட்டரைப் பட்டிக்குள் இன்னும் ஆழமாகச் செருகினான். எவ்வளவு நேரம் அப்படிப் போயிற்று, இருபது நொடியா, ஒரு நிமிஷமா. ரெமி திரும்பத் திரும்ப இழுத்தான். பிறகுதான் முதுகுப் பக்கம் வலை தெரிந்தது, சிலிண்டர் கழுத்தில் சுற்றி, பாறையோடு அவனைக் கட்டிப் போட்டிருந்தது, கலங்கலில் எவ்வளவு நேரம் அதோடு மல்லுக்கட்டிக் காற்றை இறைத்தானோ.

போனான், இல்லை என்று யாரும் சொல்ல முடியாது, கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போனான். எட்டிப் பிடிக்கிற தூரத்துக்குப் போனதும் ரெமி இரண்டு கையாலும் பாய்ந்து பிடித்தான், இவன் வாயிலிருந்த ரப்பரைப் பிடுங்கினான், அவனுக்கு வேண்டியது அதுதானே, இவன் வாயில் கடல் புகுந்தது, உப்பு, மூக்கில், தொண்டையில். உதறிக்கொண்டு பின்னால் வந்தான். மூன்று எட்டு. காலை மூன்று முறை அடித்தான், எண்ணிக்கை அவ்வளவு சுத்தமாக நினைவிருக்கிறது. ரப்பரைத் திரும்ப வாயில் வைத்து இழுத்தான், காற்று வந்தது, நல்ல காற்று. பட்டியிலிருந்து மீட்டரை எடுத்துப் பார்த்தான். தொண்ணூறு. வெறிபிடித்துப் பாய்கிறவனை முன்னால் போய்ப் பிடிக்கக் கூடாது, சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய் வலையை அறுக்க வேண்டும், இரண்டாவது ரப்பர் இடுப்பில் தொங்கிக்கொண்டுதானே இருந்தது, அதை எடுத்து அவன் வாயில் திணித்திருக்கலாம், ரெண்டு பேர் பதறி மூச்சிழுத்தாலும் பத்து பாகத்தில் தொண்ணூறு எண்ணி ஆறு நிமிஷம் வரும். வலையை அறுக்க ரெண்டு நிமிஷம், மேலே வர ஒரு நிமிஷம். இந்தக் கணக்கை அவன் வீட்டுக்கு வந்து போட்டதில்லை, அங்கேயே போட்டான், அந்த மூன்று எட்டு தூரத்தில் நின்றுகொண்டே. விடை தெரிந்தது. தெரிந்தும் கை வரவில்லை. ஒரு மனுஷனுக்கு அந்த நேரத்தில் என்ன நினைப்பு வர வேண்டும், கடவுளா, பிள்ளையா, இவனுக்கு வந்தது மின்விசிறி. முந்தின வாரம் வாங்கிய மின்விசிறி இன்னும் பெட்டியிலேயே இருக்கிறது, மாட்டவில்லை, நான் போய்விட்டால் அதை யார் மாட்டுவார்கள். ஒரு மின்விசிறிக்காக. ரெமியின் கண்ணாடிக்குள் கண் தெரிந்தது, பாய்வதை நிறுத்திவிட்டான், கையைக் கழுத்தின் குறுக்கே இழுக்கவில்லை, நீட்டினான், சும்மா நீட்டினான், பிடிப்பதற்குக்கூட இல்லை, வா என்பது போல. கஸ்பார் மேலே பார்த்தான். மேலே வெளிச்சமாக இருந்தது.

முள் அறுபத்தெட்டு. காற்று வாடை அடிக்கிறதோ. துண்டை விலக்கி முகத்தருகே வைத்தான். ரப்பரும் லேசாக எண்ணெயும் கலந்த வாடை, கம்ப்ரசர் வாடை, அதற்கடியில் வேறு ஏதோ, அன்றைக்குக் காலையில் கம்ப்ரசர் பக்கத்தில் யாரோ கருவாடு காயப் போட்டிருந்தார்களே, ரெமி சிலிண்டரை நிரப்பிக்கொண்டே அதிலிருந்து ஒன்றை எடுத்து முகர்ந்து, உப்பு போதாது என்று அந்தம்மாவிடம் வம்பிழுத்தானே, அந்தக் காலைதான் இதற்குள் இருக்கிறது. அவன் நின்ற இடத்துக் காற்று. கஸ்பார் பொத்தானிலிருந்து கையை எடுத்தான். அமைதியாயிற்று. வாத்தியார் வீட்டு ரேடியோ கேட்டது. பைத்தியமா நீ, நேரமாகிறது, அழுத்து. அழுத்தினான். அன்றைக்கு வள்ளம் கரையில் ஏறியதும், போலீஸ் வருவதற்கு முன்னால், ரெண்டு சிலிண்டரையும் இவன்தான் சுமந்தான். யாரும் சொல்லவில்லை, பழக்கத்தில் கை போயிற்று, வலது தோளில் ஒன்று, இடது தோளில் ஒன்று. தொம்மை பார்த்துவிட்டு ஓவென்று அழுதான். வருஷத் திவசப் பூசைக்கு ரெமியின் மனைவி பிலோமி இவனை முன் பெஞ்சில் தன் வரிசையிலேயே உட்கார வைப்பாள். அண்ணே, அவுகளக் கடைசியாப் பாத்தது நீங்கதான், அவுக என்ன செஞ்சாக, ரொம்பப் பாடுபட்டாகளா என்று ஒரு தடவை கேட்டாள், இவன், ‘இல்லம்மா, உடனே மயங்கிட்டான்’ என்றான், அதுவும் பொய். காதில் சீழ் என்று சொல்லி முங்குவதை விட்டான், ஐஸ் கம்பெனியில் கட்டி உடைக்கிறான். கடலையே பார்க்காமல் இந்த ஊரில் வாழ்வது எவ்வளவு கஷ்டம், எந்தத் தெரு வழியாகப் போனாலும் கடைசியில் அது நிற்கிறது. ஒரு தடவை, ஒரே தடவை திரும்ப அந்த மூன்று எட்டு தூரம் கிடைத்தால் போதும் என்று எத்தனை நாள் கேட்டிருப்பான், ஆனால் கிடைத்தால் போயிருப்பாயா என்று உள்ளிருந்து ஒன்று கேட்கும். முள் ஐம்பத்தைந்து.

ஸ்கூட்டர் சத்தம். பதினொன்று ஆகவில்லை, பத்து முப்பத்தைந்துதான். இந்தப் பெண்ணும் அப்பனைப் போலவே, சொன்ன நேரத்துக்கு முன்னால் வந்து நிற்கும். முன்வாசலில் நிறுத்துகிறாள், ஸ்டாண்டு போடுகிறாள். இருபத்தைந்துதான் பாக்கி. பொத்தானை ஒரு அழுத்து முழுக்க அழுத்தினால் அவள் வீட்டைச் சுற்றி வருவதற்குள் முப்பது. சத்தம் கேட்டால் கேட்கட்டும், சிலிண்டரைச் சரிபார்த்தேன் என்று சொல்லலாம். அழுத்து. விரல் பொத்தான்மேல் இருந்தது. அழுத்து கஸ்பார். விரல் மரத்துப்போயிருந்தது, குளிரினால்தான் என்று சொல்லிக்கொள்ளலாம், நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டதோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம். துண்டு நழுவித் தரையில் விழுந்தது.

“மாமா, இங்கயா இருக்கிய? கதவத் தட்டிக்கிட்டே நிக்கேன்.” ஜெனிட்டா வந்து சிலிண்டர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். முதலில் பெயரைத் தடவினாள். பிறகு முங்குகிறவர்கள் எல்லாரும் செய்வதைச் செய்தாள், மீட்டரைத் திருப்பிப் பார்த்தாள். “அம்பத்தஞ்சா?” நெற்றி சுருங்கியது. “முப்பதுன்னுல்லா சொன்னிய. மீட்டர் கோளாறா மாமா?”

பாவம், அவளே ஒரு வழி எடுத்துக் கொடுத்தாள். ஆமாம்மா, பழைய மீட்டர் என்றால் முடிந்தது. பொய் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது, அதுவும் நல்ல பொய், மரியாதையான பொய். அவள் எட்டிப் பிடிக்கிற தூரத்தில் உட்கார்ந்திருந்தாள், கண் அதே கண், அகலமாக, பதிலுக்குக் காத்துக்கொண்டு. கஸ்பாருக்குப் பின்னால் துவைக்கிற கல், அதற்குப் பின்னால் சுவர், வேண்டுமானால் எழுந்து மூன்று எட்டு வைக்க இடமிருந்தது.

“மீட்டர் சரியாத்தான் இருக்கு,” என்றான். “நான்தான் இப்ப தெறந்து விட்டேன். நீ வாரதுக்குள்ள முப்பதாக்கிரலாம்னு.” கீழே விழுந்த துண்டை எடுத்தான். “தொண்ணூறு இருந்துச்சும்மா. அன்னைக்கு.”

அவள் முதலில் விளங்காதவள் போலப் பார்த்தாள். பிறகு அவள் கண் மீட்டருக்குப் போயிற்று, விரல்கள் தொடையில் ஏதோ எண்ணின, உதடு அசைந்தது. அவள் என்ன செய்கிறாள் என்று கஸ்பாருக்குத் தெரிந்தது, தினமும் அவன் செய்வதுதான். தப்பாகப் போட வேண்டுமே என்று ஒரு கணம் ஆசைப்பட்டான்.

“பத்து பாகத்துல, ரெண்டு பேருக்கு,” என்றாள். “ஆறு நிமிஷம்.”

“ஆமா.”

“ஆறு நிமிஷம் மாமா.”

“ஆமாம்மா. பயந்துட்டேன்.”

அடிப்பாள் என்று நினைத்தான், அடித்தால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தான். அவள் அடிக்கவில்லை, அழவும் இல்லை. வால்வை இறுக்கி மூடினாள், மிச்சம் இருந்த ஐம்பத்தைந்தில் ஒரு மூச்சு வீணாகக் கூடாது என்பது போல இரண்டு கையாலும் இறுக்கினாள். ரெகுலேட்டரைக் கழற்றி அவன் மடியில் போட்டாள். எழுந்து, வீட்டு மூலை வரை போய், திரும்பாமலே நின்றாள்.

“அம்மா வீட்லதான் இருக்காவ. இதை நான் போய்ச் சொல்ல மாட்டேன். நீங்க வந்து சொல்லுங்க.” அடுத்து முன்வாசலில் ஸ்கூட்டர் சாவியைத் திருகும் சத்தம் கேட்டது. “பின்னால ஏறுங்க. சிலிண்டரை நீங்க பிடிச்சுக்கிடுங்க, நான் ஓட்டணும்.”

பிலோமியின் முகம் நினைவுக்கு வந்தது, முன் பெஞ்சு, அண்ணே என்கிற குரல். கதவைப் பூட்டவில்லை, சோப்புக் கல்லைக் கழுவவில்லை, ஐஸ் கம்பெனிக்கு மதியம் போக வேண்டும், அதை யாரிடம் சொல்வது. இப்படி ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தன, மின்விசிறி மாதிரி. கஸ்பார் குனிந்து சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டான். முன்வாசலுக்கு நடந்துபோய், அந்தப் பெண்ணின் பின்னால் ஏறி உட்கார்ந்து, அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

“போவோம்,” என்றான்.